கர்நாடக சங்கீத ரசிகர்கள் சினிமாப் பாட்டை மதிக்க வேண்டுமா?

நல்ல பாட்டை மதிக்கலாம். ஆனால் கச்சேரி அளவுகோலை அப்படியே வைத்து அளக்கக் கூடாது. நாலைந்து நிமிடத்துக்குள் பல்லவி, இரண்டு சரணம், இடையிசை எல்லாம் அடங்க வேண்டும். அதில் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கும், ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவலுக்கும் இடம் ஏது?

பலருக்கும் உறுத்துவது கமகக் குறைவுதான், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது குறைவாக இருப்பது. அதற்குக் காரணம் உண்டு. தோடி ராகத்தில் காந்தாரம் என்ற 'க' ஸ்வரம் அசைந்தால்தான் அது தோடி. அடியில் கீபோர்டோ கிட்டாரோ கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) பிடித்து நிற்கும்போது ஸ்வரம் அப்படி அசைந்தால் இரண்டும் உரசும். அதனால் இசையமைப்பாளர் ஒன்று அசைவைக் குறைப்பார், அல்லது அந்த இடத்தில் கார்டை எடுத்துவிடுவார். ராகத்தில் இல்லாத அன்னிய ஸ்வரம் வந்தாலும் அது தெரிந்தே செய்ததா என்று முதலில் பாருங்கள்.

1985-இல் வந்த 'சிந்து பைரவி'யில் 'கலைவாணியே' பாட்டைக் கவனியுங்கள். கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஸ்வரங்களின் ஏறுவரிசையை மட்டும் வைத்து இளையராஜா போட்ட மெட்டு. இறங்க வழியில்லை, ஒவ்வொரு பிடியும் முடிந்ததும் கீழே ஒரு ஸ்வரத்துக்குத் தாவி மறுபடி ஏற வேண்டும். ஸ்வரம் போட்டு எழுதிப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாட்டின் கஷ்டம் புரியும். அதே படத்தில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' அதன் வழக்கமான காம்போதி ராகத்தை விட்டு சாரமதி ராகத்தில் வருகிறது. அதை ஏற்காத வித்வான்கள் இருக்கலாம், அது நியாயமான சண்டை.

ராகத்தின் பெயர் சொல்ல முடிகிறது என்பதற்காக மட்டும் ஒரு சுமாரான பாட்டைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். பாட்டை இரண்டாம் முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரையும் இரண்டாவது இடையிசையையும் மட்டும் பின்தொடருங்கள். உழைப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.