ஃபைட்டர் மீன் ஏன் மூலையில் ஒதுங்குகிறது? தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து மீன் வாங்குங்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பையன் பிறந்தநாளுக்கு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அன்றைக்கே தண்ணீர் நிரப்பி கோல்ட் ஃபிஷ் 2, ஃபைட்டர் 1, ஏஞ்சல் 2, கப்பி 4, ஒரு டேங்க் கிளீனர் என எல்லாம் விட்டோம். ஐந்தாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகி, இரண்டு கப்பி செத்துப்போனது. ஃபைட்டர் வால் கிழிந்து ஃபில்டருக்கு எதிர் மூலையில் கிடக்கிறது. எந்த மீனை எதோடு வைக்கலாம்? ராத்திரி ஃபில்டரை அணைத்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு ராத்திரியே தேவைப்படும். அணைக்காதீர்கள். ஃபில்டர் பஞ்சு அழுக்கை மட்டும் பிடிப்பதில்லை, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செடி வைத்திருந்தால் ராத்திரியில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், ஆகவே ஓட்டம் அதிகம் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்.

இப்போது ஃபைட்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஃபில்டர் அட்டையில் மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம் என்றால் விளிம்பு வரை சுமார் 70 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விட்ட இடைவெளி போக நிஜமாக இருப்பது 60 லிட்டர்தான். அந்த 60 லிட்டரும் மணிக்குப் பத்து தடவை சுற்றுகிறது. பஞ்சில் அழுக்கு ஏற ஏற இந்த வேகம் குறையும், அட்டையில் போட்டிருப்பது எந்தத் தடையும் இல்லாத நிலைக்கான கணக்கு. அப்படிக் குறைத்துக்கொண்டாலும் ஃபைட்டருக்கு இது காட்டாறுதான். அது தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் செடி அடர்ந்த தேங்கிய தண்ணீரிலும் பிறந்த இனம். மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ள அதற்குத் தலையில் தனி உறுப்பே இருக்கிறது. இயற்கையில் வாழும் ஃபைட்டருக்கு வால் குட்டைதான், கடையில் வாங்கும் ஃபைட்டருக்கு இருக்கும் அந்த நீளமான வால் மனிதன் இனவிருத்தி செய்து கொண்டுவந்தது. நனைந்த எட்டு முழ வேட்டியோடு எதிர்காற்றில் நடப்பதை நினைத்துப் பாருங்கள், உங்கள் ஃபைட்டர் ஐந்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மூலையில் கிடப்பது நோயாக இல்லாமல் வெறும் அசதியாகவும் இருக்கலாம்.

ஒத்துப்போகும் மீன் எது என்று கேட்கும்போது எல்லோரும் சண்டை போடுமா, கடிக்குமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்பேன்: இது நிற்கிற தண்ணீர் மீனா, ஓடுகிற தண்ணீர் மீனா? குளத்து மீனையும் ஓடை மீனையும் ஒரே தொட்டியில் போட்டால் அவை ஒன்றையொன்று தொடாவிட்டாலும் ஏதோ ஒன்று தினமும் கஷ்டப்படும்.

உங்கள் தொட்டியில் இருப்பவற்றைப் பாருங்கள். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு 20 டிகிரி ஒட்டிய குளிர்ந்த தண்ணீர்தான் சுகம், சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதோடு ஒரு சாண் அளவுக்கு வளரும், கழிவும் மற்ற மீன்களைவிட ரொம்ப அதிகம். ஏஞ்சல் அமேசான் பக்கம் மெதுவாக ஓடும் தண்ணீரில் செடிகளுக்கு நடுவே வாழ்வது. இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும் ஏஞ்சல் வளர்ந்ததும் கப்பியை இரையாகப் பார்க்க ஆரம்பிக்கும். ஆண் கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்ட நினைப்பு. டேங்க் கிளீனர் என்று விற்கும் அந்தக் கறுப்பு மீன் தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகம் கழிவு போடும், ஓரடிக்கு மேலும் வளரும். வளர்ந்துவிட்டதே என்று ஏரியிலோ ஆற்றிலோ தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது, நம் நீர்நிலைகளில் பெருகி நம்மூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஆகவே கோல்ட் ஃபிஷ், ஏஞ்சல், டேங்க் கிளீனர் மூன்றையும் பெரிய தொட்டி உள்ளவர்களுக்கோ வாங்கிய கடைக்கோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபைட்டரை 20 லிட்டர் தொட்டி ஒன்றில் தனியாக வையுங்கள், கிண்ணத்தில் வேண்டாம். அதற்கு ஏர் பம்ப்பில் ஓடும் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், அதுகூடக் குமிழி மெதுவாக வரும்படி குழாயில் ஒரு வால்வு மாட்டி வைத்தால் நல்லது. கிழிந்த வால் சுத்தமான தண்ணீரில் தானாக வளர்ந்துவிடும், மருந்து ஊற்ற அவசரப்படாதீர்கள்.

கப்பி செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டம் இல்லை. புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் வந்திருக்காது. அவை பெருகி, அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். நைட்ரேட்டைத்தான் மீன் ஓரளவு தாங்கும், முதல் இரண்டும் விஷம். தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அமோனியாவின் விஷம் இன்னும் ஏறும், நம்மூர் போர் தண்ணீரில் இந்த இரண்டும் சேர்ந்தே இருப்பது வழக்கம். என் முதல் தொட்டியிலும் இதேபோல ஒரு வாரத்துக்குள் எல்லா மீனும் போய்விட்டது. தண்ணீர் கலங்கியதைப் பார்த்துப் பயந்து, பஞ்சைக் குழாயடியில் போட்டு வெள்ளை வெளேரென்று கசக்கிக் கழுவினேன். வரத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் குழாய்த் தண்ணீரின் குளோரினில் செத்தது. பஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, அதில் இரண்டு முறை பிழிந்து எடுத்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும்.

இப்போது தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மட்டும் போடுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டே ஊற்றுங்கள். ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போகும்தான், ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அது அப்படிப் போகாது. ஆர்ஓ தண்ணீரை மட்டும் தனியாக நிரப்ப வேண்டாம், மீனுக்கு வேண்டிய உப்புச்சத்து அதில் இருக்காது. நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான், காத்திருக்கும் நாட்கள் நன்றாகக் குறையும். கடையில் அமோனியா டெஸ்ட் கிட் கிடைக்கும், அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டும் வரை புது மீன் ஒன்றுகூட வேண்டாம்.

சரி, அப்புறம் இந்த இரண்டடித் தொட்டியில் என்ன விடலாம்? உங்களிடம் மிச்சம் இருப்பது இரண்டு கப்பி, பையனுக்கும் அதுதான் பிடிக்கும் என்கிறீர்கள், ஆகவே அதை வைத்தே போகலாம். கப்பிக்கு நம்மூர் உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். ஆண் கப்பி மட்டும் மொத்தம் 6 வையுங்கள், பெண்ணையும் சேர்த்தால் மாதம் ஒருமுறை குட்டி போட்டுத் தொட்டி நிரம்பிவிடும். அவற்றோடு செர்ரி பார்ப் 6 விடலாம். இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் நிழலான ஓடைகளில் இருக்கும் சாதுவான மீன், இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது, ஆண் சிவந்து பழுத்த மாதிரி இருக்கும். அடியில் கல்லுக்குப் பதில் நைசான மணல் போட்டால் அயிரை நாலைந்து விடலாம். ஆமாம், மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் அதே அயிரைதான். உயிரோடு கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், மணலுக்குள் கண் மட்டும் தெரியப் புதைந்துகொண்டு, தீனி விழுந்ததும் எழுந்து வரும் அழகுக்கே நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். டைகர் பார்ப் மட்டும் வேண்டாம், நீள வாலைக் கடித்துக் குதறிவிடும்.

இந்தக் கூட்டத்துக்கு மணிக்கு 4 அல்லது 5 சுற்று போதும், அதாவது 250 முதல் 300 லிட்டர். அதற்காகப் புது ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை. இருப்பதன் வாயைத் தொட்டியின் நீளவாக்கில் வைக்காமல், பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிக் கொஞ்சம் மேல்நோக்கி வையுங்கள், தண்ணீர் கண்ணாடியில் மோதி உடைந்து மேற்பரப்பில் பரவும். மேற்பரப்பு லேசாக அலையடித்தால்தான் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஓட்டத்தைக் கூட்டுங்கள். குறைக்க வேண்டுமானால் வெளியே தண்ணீர் வரும் வாயில் பஞ்சு கட்டுங்கள், உள்ளே இழுக்கும் பக்கத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள், மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும்.

ஓட்டம் சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை தீனியை விரலில் நொறுக்கித் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். தூள் இரண்டடியையும் மூன்று நான்கு விநாடியில் கடந்து போனால் கப்பிக்கு அது வேகம். மெதுவாகச் சுற்றி வந்து எல்லா இடத்துக்கும் போனால் சரி. ஏதாவது ஒரு மூலையில் தூளும் கழிவும் அசையாமல் குவிந்தால் ஃபில்டர் வாயை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஃபில்டருக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய கல்லும் நாலு கொத்து வேலம்பாசியும் வையுங்கள், களைத்த மீன் வந்து நிற்க ஓட்டமில்லாத இடம் ஒன்று வேண்டும்.

வேகமான ஓட்டம்தான் பிடித்திருக்கிறது, அதை மாற்ற மனமில்லை என்றால் கப்பியை விட்டுவிட்டு ஜீப்ரா 10 வாங்கிக்கொள்ளுங்கள், வங்காளப் பக்கத்து ஓடைகளில் வரும் மீன், ஃபில்டர் வாய்க்கு நேராக வந்து எதிர்நீச்சல் போட்டு விளையாடும். மிஸ் கேரளா என்று சிவப்புக் கோட்டோடு அழகாக இருப்பதும் ஓடும் தண்ணீர் மீன்தான். ஆனால் அது அரையடி வளரும், நாலடித் தொட்டி வேண்டும், இயற்கையில் அழிந்துவரும் இனம் வேறு. அதனால் இந்தத் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபைட்டர் தொட்டியின் ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி பம்ப்புக்குள் இறங்கும். பெரிய தொட்டிக்கு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி மாட்டுங்கள், வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிப் பையனுக்குப் பழக்குங்கள், முடிந்ததும் திரும்ப மாட்டவும் அவனே ஞாபகப்படுத்தட்டும்.