வாசகர் கேள்வி – பதில்: தோட்டத்துக்குள் ஒரு கடை

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்து டிவிசனில் 60 குடும்பங்கள் இருக்கின்றன. இருந்த ஒரே கடையும் மூடப்பட்டுவிட்டது. அரிசி, பருப்பு வாங்க டவுனுக்குப் போய்வரும் ஓட்டோக் காசில் இரண்டு நாள் மரக்கறி வாங்கிவிடலாம். அமெரிக்காவில் கடையில்லாத பகுதிகளில் பலசரக்குக் கடை திறக்கச் சமூக நிதி நிறுவனங்கள் கடன் கொடுப்பதாக வாசித்தேன். எங்களாலும் முடியுமா?
– வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: முடியும், ஆனால் எதற்காகக் கடன் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாசித்தது பென்சில்வேனியா மாநிலத்தில் 2004இல் தொடங்கிய திட்டமாக இருக்கலாம். வங்கிகள் தயங்கிய இடங்களில் கடை திறக்க மாநில அரசு 3 கோடி டொலர் ஒதுக்கியது. சமூக நிதி நிறுவனமொன்று தனியார் பணத்தையும் சேர்த்துக் கடனாகவும் மானியமாகவும் வழங்கியது. அங்கே பெருஞ்செலவு கட்டடத்துக்கும் குளிரூட்டிகளுக்கும் ஆனது. உங்கள் தோட்டத்திலோ பணத்தை விழுங்கப் போவது கடன் கொப்பி.

ஒரு குடும்பம் மாதம் 15,000 ரூபாய்க்குக் கொப்பியில் எழுதி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சம்பளத்துக்கு முதல்நாள் 60 வீட்டிலும் சேர்த்து 9 இலட்சம் ரூபாய் நிலுவையில் நிற்கும்; மொத்த வியாபாரி அவ்வளவு நாள் பொறுக்கமாட்டார். நூற்றுக்கு 8 ரூபாய் இலாபம் வைத்தாலும் மாதத்துக்கு 72,000 தான். பன்னிரண்டு வீட்டார் பாதியை மட்டும் கொடுத்தால் 90,000 குறைந்துவிடும். மூடப்பட்ட உங்கள் கடையின் கதையும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். 1992இல் கம்பனிகளின் கைக்கு நிர்வாகம் மாறிய தோட்டங்களில் நிலம் அரசுடையதாகவே இருப்பதால், தலைமுறை தலைமுறையாக அதே லயத்தில் வாழ்ந்தவரிடமும் ஈடுவைக்க ஒன்றுமில்லை. நுண்கடன் நிறுவனத்தின் வாராந்தத் தவணையோ மாதச் சம்பளத்தை நம்பிய கடைக்குப் பொருந்தாது.

ஆகவே கூட்டுறவு வழியே உகந்தது. அது நமக்குப் புதிதன்று. கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் 1906இலேயே சிக்கன, கடனுதவிச் சங்கமொன்று தொடங்கப்பட்டது, இன்று நாடெங்கும் இத்தகைய சங்கங்களை இணைக்கும் சனச இயக்கத்தின் வேர் அங்கேதான். மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவுசெய்து, வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் பங்குப் பணமாகச் சேர்த்தால் ஓராண்டில் 3,60,000 ரூபாய் கையில் இருக்கும். கொப்பியில் வீட்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் எழுதுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தால் நிலுவை 3 இலட்சத்தைத் தாண்டாது. எஞ்சும் 60,000 தராசுக்கும் இறாக்கைக்கும் போதும். அரிசி, மா, பருப்பு, சீனி, தேங்காயெண்ணெய் என்று தொடங்குங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அவசரப்படாதீர்கள். கடை நடந்து கணக்கு ஒழுங்காக இருந்தால், மேலதிகச் சரக்குக்குக் கடன் கேட்கும்போது அந்தக் கணக்கே உங்களுக்குப் பிணையாக நிற்கும்.

கொப்பியைச் சரிபார்ப்பவரும் சாமான் நிறுப்பவரும் ஒருவராக இருக்கவேண்டாம். உங்கள் தோட்டத்தில் சீட்டோ மரணாதாரச் சங்கமோ நடத்தும் பெண்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எந்த வீட்டில் எப்போது கை வறளும் என்பதை எந்த வங்கி முகாமையாளரையும்விட அவர்கள் நன்கு அறிவார்கள். பாவனையில்லாத அறையொன்றைக் கடைக்குத் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, எழுத்துமூல அனுமதி கிடைக்கும்வரை முதல் 500 ரூபாயைக்கூடச் சேர்க்காதீர்கள்.