பெட்டிக்கு முன்னால் பூ

தோட்டம், தேனீ பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தாண்டிக்குடி பக்கம் தேனீ வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை.

கேள்வி: காபிக்கு நடுவே ஆறு பட்டர் ஃப்ரூட் மரம் நிற்கிறது. பூ குலுங்குகிறது, காய் பிடிக்கவில்லை. நாலு தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் சரியாகுமா டீச்சர்? – பண்ணைக்காடு வாசகர்

பதில்: வாங்குங்கள் தம்பி. ஆனால் இந்த வருஷம் வேண்டாம். முதலில் மரத்தைப் பாருங்கள். பட்டர் ஃப்ரூட் பூ இரண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணாக விரிந்து மூடிக்கொள்ளும். மறுநாள் ஆணாக விரிந்து மகரந்தம் உதிர்க்கும். சில ரகத்தில் காலையில் பெண், மறுநாள் மதியத்துக்கு மேல் ஆண். மற்ற ரகத்தில் இது அப்படியே தலைகீழ். உங்கள் ஆறு மரமும் ஒரே வகையாக இருந்தால், தேனீ எவ்வளவு சுற்றி வந்தாலும் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்கு வேளையில் கிடைப்பது அரிது. காலை பத்து மணிக்கு ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை போய்ப் பூவைப் பாருங்கள். ஒரே வகைதான் என்று தெரிந்தால், மற்ற வகையில் இரண்டு ஒட்டுக்கன்று நடுங்கள். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தானே? டி.கே.டி.1 என்ற பட்டர் ஃப்ரூட் ரகமே அங்கிருந்து வந்ததுதான், போய்க் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மரத்தில் பெரும்பாலான பூ உதிரத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பெட்டியை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், பசிக்காகத்தான். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்து காபி பூத்தால் மலையே மணக்கும். இரண்டு மூன்று நாளில் அது முடிந்துவிடும். அப்புறம் என்ன இருக்கிறது? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் சரிவுகளில் வடகிழக்கு மழை. தேனீ வெளியே கிளம்ப முடியாது, கிளம்பினாலும் பூவில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ பசித்தால் ராணியோடு கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். காலிப் பெட்டிதான் நமக்கு மிஞ்சும். பசியால் மெலிந்த கூட்டத்தை நோயும் எளிதில் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. புழு அறையிலேயே புழுக்கள் நீர் கோத்த பைபோல ஆகிச் செத்துவிடும். அந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. வயிறு நிறைந்த, பலமான கூட்டம்தான் ஓரளவு தாங்கும். மழை மாதத்தில் சர்க்கரைப் பாகு வைப்பது உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆகவே இந்த வருஷம் வேலியோரம் பூவாக நடுங்கள், மாதா மாதம் என்ன பூக்கிறது என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டில் எந்த மாதம் காலியாக இருக்கிறதோ, அந்த மாதத்துக்கு ஒரு செடி தேடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சா, அடுக்கு டேலியா, ஜெரேனியம் என்று எப்போதும் பூதான். தேனீ மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன்? – கொடைக்கானல் வாசகி

பதில்: பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சாவில் பெரும்பாலும் மலட்டுப் பூக்கள். அடுக்கு டேலியாவில் மகரந்தம் இருக்க வேண்டிய இடமெல்லாம் இதழாகிவிட்டது. தேனீக்கு அது பூட்டிய கடை. எதையும் பிடுங்க வேண்டாம் தங்கச்சி, கூடச் சேருங்கள். ஒற்றை இதழ் டேலியா, ரோஸ்மேரி, துளசி, திருநீற்றுப்பச்சை வையுங்கள். காய்கறிப் பாத்தியில் முள்ளங்கி, கொத்தமல்லி, கடுகு எல்லாவற்றையும் பறித்துவிடாமல் பத்துச் செடியைப் பூக்க விடுங்கள். வகைக்கு ஒன்றாக நடாதீர்கள், ஒரே வகையைக் கூட்டமாக நடுங்கள். ஒரு தடவை கிளம்பும் தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே தேடிப் போகும். நீலம், ஊதா, மஞ்சள் அதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், சிவப்பு அப்படித் தெரியாது.

வாசல் முழுக்க சிமென்ட் போட்டுவிடாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று மண்ணில் பொந்து போட்டுத் தனியாக வாழும். தக்காளி, கத்தரிப் பூவை அது பிடித்து ரீங்காரமிட்டு உலுக்கினால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். நம் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஒரு மூலையில் கொஞ்சம் வெறும் மண் அதற்காக இருக்கட்டும்.

மலையில் குறிஞ்சி பூத்தது 2018இல், அடுத்தது 2030. தேனீக்கு வருஷா வருஷம் பசிக்கிறது.

கேள்வி: மருந்து அடிக்காமல் பீன்ஸ் எடுக்க முடியாதே அம்மா? – பூம்பாறை வாசகர்

பதில்: உங்கள் கஷ்டம் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் காலையில் அடித்த மருந்தால் என் பெட்டிகளின் வாசலில் குவியலாகச் செத்துக் கிடந்த தேனீக்களை அள்ளியவள் நான். அதனால்தான் சொல்கிறேன். முதலில் பூச்சி உண்மையிலேயே இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் பூத்திருக்கும்போது வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால் வெயில் தாழ்ந்து தேனீ கூடு திரும்பிய பிறகு அடியுங்கள். முந்தின நாளே பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். ஆனால் இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள்ளேயே ஊறி மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும், அதற்குச் சாயங்காலக் கணக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதே இனத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்காமல், டப்பாவில் உள்ள பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடத்து மாடி விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. பெற்றோர் கொளுத்தச் சொல்கிறார்கள். – ஒரு தலைமை ஆசிரியர்

பதில்: கொளுத்தாதீர்கள் சார். மலைத்தேனீ ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை, பூ முடிந்தால் கூட்டத்தோடு இடம் மாறிவிடும். அதுவரை அந்தப் பக்கத்து வாசலைப் பூட்டுங்கள், இரவில் அங்கே விளக்கு எரிய வேண்டாம், கல்லெறிவதும் புகை போடுவதும் கூடவே கூடாது. பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு மிக அருகே இருந்தால், இரவில் பத்திரமாக அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். யாரையாவது கொட்டினால் உடனே அந்த இடத்தை விட்டு விலகி, கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து வரும் வாசனை மற்ற தேனீக்களையும் அழைக்கும். பல இடத்தில் கொட்டினாலும், மூச்சுத் திணறினாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

பெற்றோரைப் பேசிச் சமாளிப்பதைவிடப் பிள்ளைகள் வழியாகப் போவது எளிது. பூ இருக்கும் இடத்தைக் கூட்டாளிகளுக்குச் சொல்லத் தேனீ ஆடும் நடனத்தைக் கண்டறிந்து விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நடனத்தை மைதானத்தில் ஆட வையுங்கள். ஒரு பிள்ளை பூவை ஒளித்து வைத்துவிட்டு, சூரியனுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை இடுப்பை ஆட்டி நடந்தே காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாத்தி ஒதுக்கிக் கடுகு விதைக்கக் கொடுங்கள். பூத்ததும் பத்து நிமிஷத்தில் எத்தனை தேனீ வந்தது என்று எண்ணி, அந்தக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.