“7.5 கோட்டாதானே!” என்றான் என் மகன்

கேள்வி: என் ஒரே மகன் ஓர் ஐஐடியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஐஐடி நுழைவுத் தேர்வுக்காக ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்தோம். அவன் பிளஸ் ஒன் வந்தபோது நான் வங்கி வேலையையே விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் அண்ணன் மகளும் வந்திருந்தாள். அறந்தாங்கி பக்கம் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது அரசு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். பந்தியில் எல்லார் முன்னாலும் அவளிடம், “7.5 கோட்டாதானே, உனக்கென்ன, ஈஸியா கிடைச்சிருச்சு” என்று சொல்லிவிட்டான். அவள் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். எங்கள் வீட்டு டிரைவர் பையனிடமும் வா, போ என்றுதான் பேசுகிறான். அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். மாதம் 25,000 ரூபாய் அனுப்பியும் போதவில்லை என்கிறான். என் கணவரோ, “அது திமிர் இல்லை, தன்னம்பிக்கை, விடு” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி,

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோம். கடிதம் முழுக்க மகன் இருக்கிறான், ஆனால் இலையை மூடிவிட்டு எழுந்தவள் அப்புறம் சாப்பிட்டாளா, அழுதாளா, நீங்கள் பின்னாலேயே போய் ஒரு வார்த்தை பேசினீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. உங்களை அத்தை என்று கூப்பிடுகிற பிள்ளை அவள். இதைப் படித்து முடித்ததும் அண்ணன் வீட்டுக்குப் போன் போடுங்கள். அங்கேயே அவனைக் கண்டிக்காமல் இருந்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். அவன் பேசியதற்கு அவன்தான் கேட்க வேண்டும், நேரில் போய். வாட்ஸ்அப்பில் ‘சாரி’ என்று போட்டுவிட்டால் ஆகாது, ஏனென்றால் அவளை அவமானப்படுத்தியது சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்த பந்தியில்.

அந்த 7.5 எப்படி வந்தது என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா? 2020-ல் மருத்துவப் படிப்புக்கு முதலில் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் நூற்றுக்கு ஏழரை இடம். அதற்கும் தமிழ்நாடு முழுக்க உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் போட்டி போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் தொழிற்படிப்புக்குள் நுழைந்தவர்கள் எவ்வளவு சொற்பம் என்பதைப் பார்த்துத்தான் அரசே இப்படி ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. இதில் ஈஸி எங்கே இருக்கிறது?

சரி, அவன் எழுதிய தேர்வையும் பார்ப்போம். முதல் கட்டமான ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம், ஆனால் ஐஐடிக்குள் விடுகிற ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டே முறைதான் எழுத முடியும், அதற்குமேல் வாய்ப்பு கிடையாது. 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருப்பது சுமார் 18,000 இடம். பள்ளிப் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி அந்தக் கேள்வித்தாளுக்கு முன் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும், தெரிந்ததால்தானே ஆறாம் வகுப்பிலேயே சேர்த்தீர்கள். பிளஸ் டூ வந்த பிறகுதான் ஜேஇஇ என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படுகிற பிள்ளைக்கும் அவனுக்கும் நடுவில் ஆறு வருடம் இருக்கிறது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த வீடு, வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்க முடிந்த அம்மா, இதுவும் ஒதுக்கீடுதான், எந்தச் சட்டத்திலும் எழுதாத ஒதுக்கீடு.

பால் பிஃப் என்ற உளவியல் ஆய்வாளர் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒரு சோதனை செய்தார். மோனோபோலி விளையாட்டு, நம் வீடுகளில் டிரேட், பிசினஸ் என்ற பெயர்களில் விளையாடுகிற மாதிரிதான். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, காசு சுண்டி ஒருவரைப் பணக்காரர் ஆக்கிவிடுவார்கள். அவருக்குக் கையில் இரண்டு மடங்கு பணம், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு சம்பளம், மற்றவருக்கு ஒரு தாயக்கட்டை என்றால் இவருக்கு இரண்டு. யார் ஜெயிப்பார் என்பது முதல் நிமிடமே தெரிந்த ஆட்டம். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே பணக்காரராக உட்கார்ந்தவர் காயைப் பலகையில் டொக் டொக்கென்று அடித்து நகர்த்த ஆரம்பித்தார், பக்கத்துக் கிண்ணத்திலிருந்த தின்பண்டத்தை மற்றவரைவிட அதிகமாக எடுத்துத் தின்றார், எதிராளியிடம் மரியாதை குறைந்துகொண்டே போனது. முடிந்தபின் எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டால், எந்த இடத்தை எப்போது வாங்கினேன் என்று தன் சாமர்த்தியத்தைப் பற்றித்தான் பேசினார்களாம், ஆரம்பத்தில் சுண்டிய காசு யாருக்கும் நினைவில் இல்லை. கொஞ்ச நேர ஆட்டமே ஒரு மனுஷனை இப்படி ஆக்கும் என்றால், பிறந்ததிலிருந்து ஆடுகிறவன் என்ன ஆவான்?

அவன் உழைக்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தூக்கம் கெட்டு, விளையாட்டை விட்டு, டெஸ்ட்டுக்கு மேல் டெஸ்ட் எழுதித்தான் அங்கே போயிருப்பான், அதை மறுத்துப் பேசினால் நீங்கள் சொல்கிற வேறு எதையும் அவன் காதில் வாங்க மாட்டான். அதனால் உழைப்பை முதலில் ஒத்துக்கொண்டு, அப்புறம் அவனோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபவுண்டேஷன் கோர்ஸுக்கு எவ்வளவு, பிளஸ் டூ வரை கோச்சிங்குக்கு எவ்வளவு, நீங்கள் விட்ட சம்பளம் வருடத்துக்கு எவ்வளவு, எல்லாவற்றையும். அதற்குக் கீழே அரசு கொடுப்பதையும் எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு 2 லட்சம் கல்விக் கட்டணம் கட்டிவிட்டதால் அந்த இடத்தை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம், ஐஐடி பெரும்பாலும் மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது, அது வரிப்பணம். உங்கள் வீட்டு டிரைவர் சோப்பு வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டியும் அதில் இருக்கிறது.

டிரைவர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாண வயதில் மகளை வைத்திருக்கிறவரை நீங்களே ‘டிரைவர் பையன்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மகன் இதை ஐஐடிக்குப் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. நாளையிலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் அவரைப் பெயர் சொல்லி, வாங்க போங்க என்று கூப்பிடுங்கள். மகன் அண்ணன் என்று கூப்பிட வேண்டும், இதில் பேரமே வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. அங்கே அவன் எப்படி இருக்கிறான்? பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைகள் மட்டுமே கூடுகிற இடம் அது, அவர்களிலும் பாதிப் பேர் பாதிக்குக் கீழேதானே இருந்தாக வேண்டும். போனதும் ரேங்க் என்ன என்று கேட்பார்கள், அப்புறம் என்ன பிராஞ்ச், அப்புறம் சிஜிபிஏ, அப்புறம் இன்டர்ன்ஷிப் எங்கே. 25,000 போதவில்லை என்கிறவன் தன்னைவிடப் பெரிய பணக்காரப் பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திண்டாடுகிறானோ என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே சிறுத்துப்போன பையன் ஊர்ப் பந்தியில் வந்து பெரியவன் ஆகப் பார்த்திருக்கலாம். அதனால் அவன் பேசியது நியாயம் ஆகிவிடாது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்கை விசாரிக்காமல், யாரோடு சாப்பிடுகிறாய், ரூம்மேட் எந்த ஊர், அவன் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அதுவே ஒரு தகவல். ‘கோட்டா’ என்ற பேச்சை ஹாஸ்டலிலும் பேசுகிறானா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை விடுதியிலும் மெஸ்ஸிலும் விளையாட்டிலும் எப்படி ஒதுக்கினார்கள் என்பதை மத்திய அரசு அமைத்த தோரட் குழு 2007-லேயே எழுதிவைத்திருக்கிறது. உறவுக்காரப் பெண் இலையை மூடிவிட்டு அப்பா அம்மாவோடு வீட்டுக்குப் போய்விடலாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை எங்கே போகும்?

இன்னொன்று, புத்தி வரட்டும் என்று அவனை ஆசிரமத்துக்கோ அநாதை இல்லத்துக்கோ ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அன்னதானம் போடவைக்காதீர்கள். அங்கேயும் அவன் கொடுக்கிறவனாகத்தான் நிற்பான், போட்டோ எடுத்துக்கொண்டு வருவான். பணத்தைக் குறையுங்கள். ஹாஸ்டல், மெஸ் கட்டணத்தை நீங்கள் நேரடியாகக் கட்டிவிட்டு, கைச்செலவுக்கு 4,000 கொடுங்கள். வீட்டுக்கு வரும்போது ஃபிளைட் வேண்டாம், ரயிலில் ஸ்லீப்பரில் வரட்டும். சத்தம் போடுவான், ஒரு செமஸ்டர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. ஐயா, தன்னம்பிக்கை உள்ள பையன், “கோச்சிங் இல்லாம மேத்ஸ் எப்படிப் படிச்ச?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருப்பான், பதிலைக் கேட்க ஆசையாகக்கூட இருந்திருப்பான். அடுத்த லீவில் அவன் வந்த முதல் வாரமே நீங்களே அவனைக் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போங்கள். சாயங்கால பஸ்ஸுக்கு அவசரப்படாமல் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள்.