1968 செவர்லே சி10 பிக்கப்பில் 80களின் முன்பக்கத்தை மாட்டலாமா?

மாட்டலாம். என் 1969 சி10 அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டவர் 1968 வண்டி வாங்கியிருக்கிறார், டிரம் பிரேக்கை நினைத்தால் பயமாக இருக்கிறது, 80களின் வண்டியிலிருந்து முன்பக்க கிராஸ் மெம்பரை (சேஸின் குறுக்கே நின்று என்ஜினையும் முன்சக்கரப் பாகங்களையும் தாங்கும் இரும்புச் சட்டம்) அப்படியே கழற்றி மாட்ட முடியுமா, வெல்டிங் தேவைப்படுமா என்கிறார். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், வீட்டு கராஜில் வார இறுதிகளில் செய்யப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கீழே வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானது. 1970 வரை வந்த சி10-இல் முன்னாலும் டிரம்தான், 1971-இல்தான் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. டெக்சாஸ் மழையில் டிரம் நனைந்துவிட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது, ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துத் தடத்துக்கு இழுக்கும். முன் சீட்டில் என் மகளை உட்கார வைத்துக்கொண்டு போனபோது அப்படி ஆயிற்று. வண்டியை விற்கவும் மனசில்லை, அப்படியே ஓட்டவும் மனசில்லை.

"71, 72 பாகங்கள் நேராக ஏறுமே, அதை விட்டுவிட்டு ஏன் இது" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அவை இரண்டே வருடம் வந்தவை, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். 1973 முதல் 1987 வரை வந்த சதுர முக வண்டிகள் காயலான் கடைகளில் அதைவிடச் சுலபமாகக் கிடைக்கும். டிஸ்க்குக்கு மாற்றும் பாகங்களை ஒரே பெட்டியில் தரும் கிட் வாங்கிப் போடுகிறேன் என்றாலும் சரிதான். ஆனால் முழு கிராஸ் மெம்பரையே எடுத்தால் ஸ்பின்டில் (சக்கரம் சுழலும் அச்சு), அதைத் தாங்கும் ஆர்ம், சுருள் ஸ்பிரிங், காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) எல்லாம் ஒரே கட்டாக வந்துவிடும். ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும் வேலை, உயிரோடு விளையாடுகிற அந்த வேலை, மிச்சம். அப்போதும் ஸ்பிரிங்கைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் நான் கீழே இறக்கினேன்.

பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. வண்டியை ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, கொத்தனார் வைத்திருப்பாரே அந்தத் தூக்குக்குண்டு, அதைச் சேஸின் இரண்டு பக்கத்துத் துளைகளிலிருந்தும் சக்கர மையத்திலிருந்தும் தொங்கவிட்டு, குண்டு நிற்கிற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். புதியதைத் தூக்கிப் பிடித்ததும் குண்டு அதே புள்ளியில் நிற்கிறதா, மூலை அளவு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். சில துளைகள் நேராக வரும், சில வரவே வராது, புதிதாகப் போட வேண்டியிருக்கும். எனக்கு வெல்டிங் தேவைப்படவில்லை. துளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, உயர்தர போல்ட்டாகப் போட்டு, குறிப்பிட்ட இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன்.

என்ஜின் உட்கார்ந்திருப்பதே அந்தக் கிராஸ் மெம்பர் மேல்தான், அதனால் என்ஜினை மேலிருந்து ஹாயிஸ்ட்டில் (சங்கிலித் தூக்கி) கட்டித் தொங்கவிடாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். என்ஜினைத் தாங்கும் பழைய மவுண்ட் ஸ்டாண்ட் புதியதில் அப்படியே உட்காரும் என்றும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், டை ராட் என்று சக்கரத்தைத் திருப்பும் பாகங்கள் எல்லாவற்றையும் கிராஸ் மெம்பர் எடுத்த அதே வண்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள், கலந்து போட்டால் திருப்பத்தில் தெரியும். மேல் ஆர்முக்குப் பின்னால் இருக்கும் ஷிம்களை (சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இடது வலது என்று எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள், அலைன்மென்ட்காரர் ஒரு தொடக்கம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்.

பிரேக்கில் அரைகுறை வேலை கூடவே கூடாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் பாகம், டிஸ்க்குக்கு ஆகாது. டிஸ்க்குக்கு எண்ணெய் அதிகம் வேண்டும், பழையதில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் மிச்ச அழுத்த வால்வு பேடை டிஸ்க்கில் உரசவிட்டுச் சூடேற்றும். கூடவே முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைச் சரியாகப் பிரிக்கும் காம்பினேஷன் வால்வும் வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தி மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சக்கரம்: உங்கள் வண்டி ஆறு போல்ட், சதுர முக சி10 ஐந்து. முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்றால் ஸ்டெப்னி இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாலும் ஐந்தாக்க வேண்டுமென்றால், 71-72 பின் அச்சு உங்கள் டிரெய்லிங் ஆர்மில் (பின் அச்சைப் பிடித்திருக்கும் நீளக் கைகள்) நேராக உட்காரும், 73 முதல் வந்தது பட்டை ஸ்பிரிங்குக்கானது, தாங்கியை வெட்டி மாற்ற வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் ஆறு போல்ட் டிஸ்க்கே தனியாகக் கிடைக்கிறது, நான் அதைத்தான் போட்டேன்.

அசல் வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்பவர்களுக்கு: பழைய கிராஸ் மெம்பரைத் துடைத்து எண்ணெய் பூசிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன், யாருக்கு வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். என் மகளின் உயிரை விட ஒரு ரிவெட் எனக்கு முக்கியமில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதி வீட்டு உரிமையாளர் சங்கம், கராஜ் கதவு திறந்திருந்தது, உள்ளே சக்கரமில்லாத வண்டி தெரிந்தது என்று எனக்கு அபராதக் கடிதம் அனுப்பியது. என் வீடு, என் கராஜ், மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். தெருமுனையில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, அதைப் பற்றி எத்தனையோ முறை எழுதியும் பதில் இல்லை, என் கராஜுக்குள் எட்டிப் பார்க்க மட்டும் ஆள் இருக்கிறது. ஊரில் தெருவிலேயே லாரியைப் பிரித்துப் போட்டு வேலை செய்வார்கள், போகிறவர் வருகிறவர் ஒரு கை பிடித்துவிட்டுப் போவார்கள். நீங்களும் சங்கம் உள்ள பகுதியில் இருந்தால் விதிமுறையை முதலில் படித்துவிடுங்கள்.

உங்களுடையது ஆறு சிலிண்டரா, வி8-ஆ? என்ஜின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் இல்லாவிட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டோ அமுங்கியோ நிற்கும். அதைக் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், எந்த வண்டியிலிருந்து எடுக்கலாம் என்று சொல்கிறேன்.