உகாண்டாவுக்கு 10 நாள் ஊழியப் பயணம்: அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

கேள்வி: எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் உகாண்டாவில் கம்பாலாவுக்கு வெளியே ஒரு கிராமச் சபைக்குப் போகிறோம். அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், எதற்குத் தயாராக வேண்டும்?

முதலில் மணிக்கணக்கு. குழுக்கள் அதிகம் குழம்புவது அதில்தான். கம்பாலாப் பகுதியில் பேசும் லுகாண்டா மொழியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை 7 மணி 'சாவா எமு', அதாவது முதல் மணி. 'சாவா ஸ்ஸத்து' என்றால் மூன்றாம் மணி, நம் கடிகாரத்தில் 9. அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் பேதுரு சொல்லும் மூன்றாம் மணி வேளையும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் நேரம் சொன்னால் பொதுவாக நம் கணக்கு. லுகாண்டாவில் சொன்னால் 6 மணி கூட்டிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் "காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுவிடுங்கள்.

பூமத்திய ரேகை அந்த நாட்டின் வழியே போவதால் வருடம் முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குள் விடிந்து, மாலை 7 மணி வாக்கில் சட்டென்று இருட்டிவிடும். வேலைகளை அதற்குள் முடிக்கப் பாருங்கள். மின்சாரம் போய்வரும்; நெற்றியில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும். பிளக் மூன்று பட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை, நம்முடையது நுழையாது.

தண்ணீர் 20 லிட்டர் மஞ்சள் ஜெர்ரி கேனில் வரும். பெரும்பாலும் பிள்ளைகளோ பெண்களோ கிணற்றிலிருந்தோ அடிபம்பிலிருந்தோ சுமந்து வந்தது. நிரம்பிய கேன் 20 கிலோ கனக்கும். அதனால் குளியலுக்கு ஆளுக்கு அரை வாளி என்று குழுவுக்குள் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க, பல் துலக்க, மாத்திரை விழுங்க எல்லாவற்றுக்கும் கொதிக்க வைத்த தண்ணீரோ சீல் போட்ட பாட்டிலோதான். விக்டோரியா ஏரியில் காலை நனைக்க ஆசை வரும், வேண்டாம். அங்குள்ள நத்தைகள் மூலம் பரவும் ஒட்டுண்ணி தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

துணி விஷயம் பலருக்குத் தெரியாது. வெளியே காயப்போட்ட ஈரத்துணியில் மாம்பழ ஈ என்று சொல்லப்படும் ஒரு வகை ஈ முட்டையிடும். அதை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் இறங்கிக் கட்டி மாதிரி வீங்கும். உள்ளாடை, சாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போடுங்கள். முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே காயவையுங்கள்.

சாப்பாட்டில் சோளமாவுக் களியான போஷோ, பீன்ஸ், அவித்து மசித்த வாழைக்காயான மட்டோக்கே, நிலக்கடலைக் குழம்பு. காரம் இருக்காது, ஊறுகாய் ஒரு பாட்டில் போதும். சாப்பிடும் முன் ஒருவர் குடமும் தட்டும் கொண்டுவந்து உங்கள் கையில் தண்ணீர் ஊற்றுவார். லுகாண்டா பேசும் பாகாண்டா இன மக்களின் வழக்கப்படி பெண்கள் மண்டியிட்டு வணக்கம் சொல்வார்கள். பதறி எழுப்பாதீர்கள், அது அவர்களுடைய மரியாதை. நீங்களும் காலையில் "வசுஸே ஒட்யா" என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் வேறு பேச்சை எடுக்க வேண்டும். விசாரிக்காமல் நேரே வேலையைப் பேசுவது அங்கே முரட்டுத்தனம்.

ஆராதனை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி கொடுக்கிறவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நிற்பவர் லுகாண்டாவில் சொல்வார். 40 நிமிடம் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 20 நிமிடம்தான். நம்மவர்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் நீளமாகக் கட்டிவிடுவார்கள். மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தின் முனையைத் தேடி நிற்பார். ஏழெட்டு வார்த்தைக்கு ஒருமுறை, ஒரு கருத்து முடியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று குறிப்புகள், எதுகை மோனை எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. வசனங்களின் பட்டியலை முந்தின இரவே அவரிடம் கொடுத்துவிட்டால் லுகாண்டா வேதாகமத்தில் பக்கம் குறித்து வைப்பார்.

இதை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: "சுவிசேஷம் எட்டாத ஊர்" என்று ஜெபக் கடிதத்தில் எழுதாதீர்கள். அங்கே மிஷனரிகள் வந்தது 1877-இல். முழு லுகாண்டா வேதாகமம் 1896-இல் வந்துவிட்டது. மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களை நினைத்து ஒவ்வொரு ஜூன் 3-ஆம் தேதியும் கம்பாலாவுக்கு அருகே நமுகோங்கோவில் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். அந்த ஊர்ப் போதகரிடம் "இந்த வாரம் உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் வேண்டும்?" என்று புறப்படும் முன்பே கேளுங்கள்.

வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவதானால் 60 பிள்ளைகளுக்குத் தயாரித்த இடத்தில் 200 பேர் வரக்கூடும். எண்ணிக் கொடுக்கும் பொருள் எதுவும் வேண்டாம், கடைசி வரிசைப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். பாட்டு, செய்கை, பந்து போதும். பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன் என்று எந்தப் பிள்ளையிடமும் வாய்தவறியும் சொல்லாதீர்கள். நீங்கள் மறந்தாலும் அந்த வீடு மறக்காது. உதவியைப் போதகரும் மூப்பர்களும் அறியவே கொடுங்கள். மருத்துவ முகாம் என்றால் மருத்துவர்கள் அங்குள்ள மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற வேண்டும். மருந்தைப் பெட்டியில் சுமக்காமல் கம்பாலாவில் வாங்குவது நல்லது.

இப்போதே செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும் போடுவார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் தினம் 100 மி.கி. புறப்படும் முன் ஒன்றிரண்டு நாள் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் எரியும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது, வேறு மாத்திரை கேளுங்கள். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் இரவில் கொசுவலை வேண்டும். வந்த பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையே "உகாண்டா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் டெங்கு, டைபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார். அங்கே பரவலாக உள்ள ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளிலேயே முற்றிவிடும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.