படகின் பின்பலகை மக்கினால்

கேள்வி: பவானிசாகர் அணையில் 15 ஆண்டுகளாக ஓடும் என் ஃபைபர் படகில் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை, எஞ்சினை முடுக்கினால் அசைகிறது. மேலே ஃபைபர் பூசினால் போதுமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: போதாது. போல்ட் துளை வழியே கசிந்த நீர் உள்ளிருக்கும் பிளைவுட்டை மக்கச் செய்திருக்கும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்றும் மக்கிய இடம் பொத்தென்றும் ஒலிக்கும். பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, மக்கல் மேலும் பரவும். ஆகவே, படகின் வடிவம் கலையாதிருக்க வெளிப்பக்க ஃபைபர் தோலை விட்டுவைத்து, உள்தோலை வெட்டியெடுத்து, மக்கிய மரத்தை முழுவதும் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பழைய கனத்துக்கு ஈடாக மரைன் பிளைவுட்டை (நீரைத் தாங்கும் பிளைவுட்) எபாக்சியால் (இரு கூறுகளைக் கலந்து இறுகவைக்கும் பசை) ஒட்டி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் பக்கச் சுவர்கள்வரை படியவையுங்கள். ஃபைபர் பூச வழக்கமாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான். ஆனால் மரத்தை எபாக்சி அளவுக்குப் பற்றாது, இதில் சிக்கனம் வேண்டாம். போல்ட் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மீண்டும் துளையிட்டால் நீர் மரத்தைத் தொடாது. அதுவரை எஞ்சினை மாட்டி அணைக்குள் போகாதீர்கள்.